முட்டை அட்டை

பருத்திக்குள் இறங்கி நாலாவது செடியைத் தாண்டுவதற்குள் முனியராஜ் ஏழு புழு எண்ணிவிட்டான். எட்டாவது கண்ணில் பட்டபோது எண்ணுவதை நிறுத்திக்கொண்டான். பூக்க வேண்டிய சப்பை மொட்டுகள் ஓட்டை விழுந்து தரையில் உதிர்ந்து கிடந்தன. ஒரு பிஞ்சுக் காயை நகத்தால் பிளந்து பார்த்தான். உள்ளே பச்சையாக ஒருத்தன், மாமியார் வீட்டு விருந்துக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி, தலையைத் தூக்காமல் தின்றுகொண்டிருந்தான்.

தை பிறந்து நாலு நாள் ஆகியிருந்தது. வானம் மோடம் போட்டு, பெய்யவும் செய்யாமல் வெளுக்கவும் செய்யாமல் ஒரு வாரமாக மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது. இப்படி மூட்டம் போட்டால் புழுவுக்குக் கொண்டாட்டம். விருதுநகர்ப் பக்கத்தில் வெயிலைக் காணோமே என்று ஒருத்தன் கவலைப்பட்டான் என்றால் அது அந்த வருஷம் முனியராஜ் ஒருத்தனாகத்தான் இருக்கும்.

ஆமத்தூருக்கு வடக்கே இரண்டு மைலில் இருக்கிறது அந்த ஊர். அவன் தெருவில் முப்பத்திரண்டு வீடு. காலை ஏழு மணிக்குக் கம்பெனி வண்டி வந்து நின்று ஹாரன் அடித்தால் முப்பத்தொரு வீட்டுச் சனமும் தூக்குவாளியோடு ஏறிப் பட்டாசு செய்கிற பயராபீசுக்குப் போய்விடும். கரிசலில் இன்னும் விதை போடுகிறவன் முனியராஜ் ஒருத்தன்தான். அதனால் அவனுக்குத் தெருவில் ‘சம்சாரி’, அதாவது வெள்ளாமைக்காரன், என்று பெயர். அதில் முக்கால்வாசி கேலி. அந்த மிச்சக் கால்வாசிக்காகத்தான் அவன் ஒன்றரை ஏக்கர் மானாவாரியைக் கட்டிக்கொண்டு அழுதான் என்று நான் நினைக்கிறேன்.

அவன் பெண்டாட்டி வேல்விழியும் அந்த வண்டியில் போகிறவள்தான். பதினோரு வருஷமாக வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டி ஒட்டுகிறாள். அன்றைக்கு அவள் வேலை முடிந்து வந்து உலை வைத்து, கருவாட்டுக் குழம்பைக் கூட்டி அடுப்பில் ஏற்றியிருந்தபோது, பரணில் ஏதோ உருளும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். புருஷன் மருந்தடிக்கிற டேங்கை இறக்கிக்கொண்டிருந்தான்.

“அதை எதுக்கு இறக்குறீக?”

“வாசரு காஞ்சிருக்கான்னு பாக்கத்தான்.”

“காஞ்சா காயட்டும். அதைப் போயி நீங்க என்ன பாக்குறது?”

“நாளைக்குக் காலையில ஒரு ஓட்டம் அடிச்சு விட்டுட்டா சரியாப் போயிரும். புளு கொத்துக் கொத்தா இறங்கியிருக்கு, புள்ள.”

வேல்விழி அகப்பையைக் குழம்புக்குள்ளேயே போட்டுவிட்டு வந்தாள்.

போன தையில் இதே பருத்திக்கு, இதே டேங்கைத் தூக்கிக்கொண்டு போனவன் அவன். மேலுக்குச் சட்டை இல்லை, மூக்குக்குத் துணி இல்லை, காற்று எதிரே அடிக்கிறது என்கிற யோசனையும் இல்லை. அன்றைக்கு அவளுக்கு லீவு. பத்து மணிக்குக் கஞ்சி கொண்டுபோனபோது வரப்பில் குப்புறக் கிடந்தான். வாயில் நுரை. கண்ணைத் திறந்து பார்த்தால் கண்மணி கடுகளவுக்குச் சுருங்கிக் கிடந்தது. மதுரைப் பெரியாஸ்பத்திரியில் பதினோரு நாள். கூட்டிக்கொண்டு வருகிற அன்றைக்கு டாக்டர் வேல்விழியைத் தனியாகக் கூப்பிட்டு, “இன்னொரு தடவை இந்த மருந்து இவர் மூச்சுல ஏறிச்சுன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாதும்மா” என்று சொன்னார். அதிலிருந்து அவனுக்கு இடது கை நடுங்குகிறது. காப்பி டம்ளரை வலது கையால்தான் வாங்குவான். அதை யாரும் கவனிக்கவில்லை என்றும் நினைத்துக்கொள்வான்.

“டாக்டர் சொன்னது மறந்துபோச்சாக்கும்?”

“டாக்டரா வந்து புளுப் பொறுக்கப் போறாரு?”

“ஆள விட்டு அடிப்போம்.”

“எந்த ஆள? தெருவுல எவன் இருக்கான்? இருந்தாலும் நான் செத்துப் பொளச்ச வேலைய இன்னொருத்தன் முதுகுல ஏத்தச் சொல்றியா? அவனுக்கும் வீட்டுல ஒருத்தி கருவாட்டுக் கொளம்பு வச்சுக்கிட்டு இருப்பாள்ல.”

அவன் சொன்னதில் நியாயம் இருந்ததுதான் அவளுக்கு எரிச்சலாக வந்தது.

“எனக்கு எட்டு நாளு குடுங்க” என்றாள். “மகளிர் குழுக் கூட்டத்துல விருதுநகர்க்கார அக்கா ஒருத்தக முட்டை அட்டைன்னு ஒண்ணு காட்டுனாக. அதுலருந்து வர்ற பூச்சி இந்தப் புளு இடுற முட்டைய அழிச்சிருமாம். மருந்தே வேண்டாமாம். அடுத்த வெள்ளிக்கெளம வரைக்கும் பாப்போம். புளு கொறையலன்னா உங்க இஷ்டம்.”

“பூச்சிய வச்சுப் பூச்சிய அளிக்கவா? நல்லாருக்கே கதை. ஓணானுக்கு ஓணானே வேலியாக்கும்?”

“எட்டே நாளு.”

அவன் டேங்கைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். “சரி, வெள்ளிக்கெளம வரைக்கும். சனிக்கெளமன்னு சொல்லக் கூடாது” என்றான். டேங்கைப் பரணில் திரும்ப ஏற்றவில்லை. கதவு மூலையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனான். எட்டு நாளும் அது அங்கேயே இருந்தது.

மறுநாள் வேல்விழி லீவு போட்டுவிட்டு விருதுநகருக்குப் பஸ் ஏறினாள். பஜாருக்குப் பின்னால் சந்துக்குள் இருந்தது அந்த அக்கா சாலிஹாவின் வீடு. சாலிஹாவின் மாமனார் காலத்திலிருந்து அவர்களுக்குக் கம்பு, சோளம் என்று தானிய வியாபாரம். மூட்டையில் அந்துப்பூச்சி விழுந்தால் அந்த வீட்டில் துக்கம் விழுந்த மாதிரி. அந்த வீட்டு மருமகளான சாலிஹாதான் விவசாயக் கல்லூரியில் பயிற்சிக்குப் போய்விட்டு வந்து, பின்கட்டு அறையில் தட்டுத் தட்டாகக் கம்பைப் பரப்பி, அதே அந்துப்பூச்சியை வலைத்துணி போட்டு மூடி வளர்த்துக்கொண்டிருந்தாள்.

“எங்க அத்தா இருந்திருந்தா இவளையும் பூச்சியையும் சேத்துச் சாக்குல கட்டியிருப்பாரு” என்று முன்கட்டிலிருந்து சாலிஹாவின் புருஷன் அசன் முகம்மது குரல் கொடுத்தார்.

“அவுக பேச்ச விடு. நீ உள்ள வா” என்று சாலிஹா அவளைக் கூட்டிப்போனாள். சூடாக டீயும் இரண்டு வர்க்கியும் கொடுத்துவிட்டு, நாலு அட்டையை எடுத்து வைத்தாள். தபால் கார்டு அளவு. ஒரு பக்கம் முழுக்க, கசகசாவிலும் பொடியாக, கன்னங்கரேலென்று ஒட்டியிருந்தது. வேல்விழிக்கு அதைப் பார்த்ததும் பொட்டுவெடிக் காகிதம்தான் ஞாபகத்துக்கு வந்தது. தொடப்போன விரலை மடக்கிக்கொண்டாள்.

“இது அந்துப்பூச்சி முட்ட. இதுக்குள்ள ஒட்டுண்ணிப் பூச்சி தன் முட்டைய விட்டிருக்கு. அதான் கறுத்துக் கெடக்கு. ரெண்டு நாள்ல வெளிய வரும். வந்து நேரா ஒங்க காட்டுல காய்ப்புளு தாய்ப்பூச்சி விட்டுட்டுப் போற முட்டையத் தேடிப் போகும். அதுக்குள்ள தன் முட்டைய வச்சிரும். அப்புறம் எங்கிட்டுப் புளு பொரிக்கும்?”

“இப்ப இருக்கிற புளு, அக்கா?”

“அத இது ஒண்ணுஞ் செய்யாது. முட்டைதான் இதுக்குச் சாப்பாடு. இருக்கிற புளு காலம் முடிஞ்சு போகணும். இல்ல, கையால பொறுக்கணும்.” சாலிஹா கத்தரியால் அட்டையை வெட்டிக் காட்டினாள். “இப்படித் துண்டு துண்டா வெட்டிக்க. பொளுது சாயுற நேரமாப் பாத்து இலைக்கு அடியில வச்சு, ஒரு மூலையில மட்டும் ஸ்டேப்ளர் பின்னு குத்தி விடு. இல்லன்னா நூலால கட்டு. ஒண்ணே ஒண்ணு. மருந்து வாடையே ஆகாது இதுக்கு. கொசுறா ஒரு துண்ட ஒரு பாட்டில்ல போட்டு வீட்டுல வச்சுக்க. அது பொரிச்சா காட்டுலயும் பொரிச்சிருச்சுன்னு அர்த்தம்.”

ஸ்டேப்ளரையும், பார்த்துக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் பூதக்கண்ணாடியையும் அவளே கொடுத்தாள். “அடுத்த தடவை வரும்போது திருப்பிக் கொண்டாந்து குடு. தொலைச்சிராத, அவுக கடை ஸ்டேப்ளரு” என்றாள்.

அன்றைக்குச் சாயங்காலமே வேல்விழி, பக்கத்து வீட்டு ராக்காயி மதினியைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குப் போனாள். ராக்காயியும் அதே கம்பெனிதான். சரவெடிக்குத் திரி சொருகுகிறவள், வாய் ஓயாதவள். துண்டு வெட்டி முடித்ததும் வேல்விழி ஸ்டேப்ளரைக் கையில் எடுத்தாள். எடுத்தவள் அப்படியே நின்றாள்.

பயராபீசில் இரும்பு ஆகாது, உரசினால் தீப்பொறி. கேட்டில் நுழையும்போதே கொண்டை ஊசி, சேப்டி பின், கொலுசு எல்லாம் கழற்றி வாங்கிவிடுவார்கள். கருமருந்துப் பக்கம் ஒரு குண்டூசி விழுந்தாலும் போர்மேன் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு ஓடி வருவார். பதினோரு வருஷம் அப்படிப் பழகின கை. கறுப்பாகப் பொடி ஒட்டின காகிதத்தில் கம்பியைக் குத்து என்றால் அது எப்படிக் குத்தும்? முட்டைதான், வெடிக்காது என்று புத்திக்குத் தெரிகிறது. கைக்குத் தெரியவில்லை.

“எனக்குக் கூசுது மதினி.”

“எனக்குந்தான். எளவு, அது அச்சு அசல் கருமருந்தாட்டம்ல இருக்கு. நூலு இருக்கா?”

“எம்பது துண்டுக்கு நூலு கட்டவா? விடிஞ்சிரும்.”

“நம்மகிட்ட இல்லாததா? பசைய எடுத்துட்டு வாலா. நாம ஒட்டாத காயிதமா?”

வேல்விழியின் வீட்டில் பசைச் சட்டி எப்போதும் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டிலேயே வெறும் குழாய் ஒட்டிக் கொடுப்பாள். ஓடிப்போய்ச் சட்டியை எடுத்துக்கொண்டு வந்தாள். இருவரும் ஆளுக்கு ஒரு நிரையாகப் பிடித்து, இலையைத் திருப்பி, பசையைத் தடவி, துண்டை வைத்து ஒட்டிக்கொண்டே போனார்கள். லேபிள் ஓரம் கிளம்பினால் கணக்கப்பிள்ளை பெட்டியோடு திருப்பி அனுப்புவான் என்று பழகினவர்கள் இல்லையா, நாலு ஓரத்தையும் பசை விரலால் இழுத்து நீவிவிட்டார்கள். பொழுது மசங்குவதற்குள் எண்பதும் ஒட்டி முடிந்தது. வேலை என்றால் அப்படி ஒரு சுத்தமான வேலை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பாட்டிலுக்குள் பூச்சி பொரித்தது. வேல்விழி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தூசி மாதிரி இருந்தது. ஆனால் தூசி நடந்தது. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு முட்டையிலும் ஊசி குத்தின மாதிரி ஓட்டை. அவள் சின்னப் பிள்ளை மாதிரிச் சத்தம் போட்டுப் புருஷனைக் கூப்பிட்டாள்.

முனியராஜ் பாட்டிலை வலது கையில் வாங்கிப் பார்த்தான். “இதாக்கும் புளுவ அளிக்கப் போகுது? ஈறுக்குப் பேரன் மாதிரில்ல இருக்கு.”

“முட்டையத்தான் அளிக்கும்.”

“ம்” என்றான். ஆனால் பாட்டிலை உடனே திருப்பிக் கொடுக்கவில்லை. அன்றைக்கு மத்தியானம் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பும் சோளச் சோறும் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். வேல்விழிக்குப் பாதி பாரம் இறங்கின மாதிரி இருந்தது.

புதன்கிழமை கம்பெனியில் அவள் பசை காய்ச்சுகிற முறை. மைதா மாவைக் கரைத்துக் கொதிக்க வைத்துத் துடுப்புப் போட்டுக் கிண்டினாள். பிறகு வழக்கம்போல மூலையிலிருந்த டப்பாவைத் திறந்து மயில்துத்தத்தை ஒரு கை அள்ளிப் போட்டாள். பசை இளநீலமாக மாறிக்கொண்டு வந்தது.

“இன்னொரு கை போடுலா” என்றாள் பசை வாங்க வந்து நின்ற ராக்காயி. “போன வாரம் நம்ம ரூம்ல நூறு குளாய பாச்சை தின்னுருச்சுன்னு ஒரே ஏச்சு. துத்தம் காணாதுன்னா பூச்சி விடுமா?”

வேல்விழியின் கை நின்றது. துடுப்பு நடுப்பசையில் அப்படியே நின்றது.

துத்தம் போடாமல் பசை காய்ச்சுகிறவளை எங்கள் பக்கம் சோம்பேறி என்பார்கள். மாவுப் பசை இனிக்கும். பாச்சை, கரப்பான், அந்து, எறும்பு எல்லாம் விருந்துக்கு வரும். அதுகள் வாய் வைத்தால் சாக வேண்டும் என்றுதான் துத்தம். வீட்டுச் சட்டியிலும் அவள் போடுவாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் போடுவாள். சாலிஹா மருந்து ஆகாது என்று சொன்னபோது தலையை ஆட்டினாள். ஆனால் துத்தத்தை மருந்து என்று அவள் நினைத்ததே கிடையாது. அது பசை. சோற்றில் உப்பை யாராவது மருந்து என்பார்களா?

“என்னலா, பேயடிச்ச மாதிரி நிக்க?”

“மதினி, நாம காட்டுல ஒட்டுனது துத்தப் பசைல்ல.”

ராக்காயி ஒரு விநாடி விழித்தாள். பிறகு கையிலிருந்த பசைக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, “அடி ஆத்தா” என்று மட்டும் சொன்னாள். அவளுக்கு அதற்கு மேல் வார்த்தை வராமல் போனதை அன்றைக்குத்தான் வேல்விழி பார்த்தாள்.

சாயங்காலம் வண்டியிலிருந்து இறங்கினதும் இறங்காததுமாகக் காட்டுக்கு ஓடினாள். முனியராஜ் ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டக் கண்மாய்ப் பக்கம் போயிருந்தான். ஒரு இலையைத் திருப்பித் துண்டை உரித்துக் கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். முட்டை மேலெல்லாம் பசை காய்ந்து நீலம் பாரித்திருந்தது. ஓட்டையைக் காணோம். ஓரத்தில் தப்பித்து வந்த ரெண்டு மூணு பூச்சி அந்தப் பசையிலேயே கால் மாட்டிச் செத்து ஒட்டியிருந்தது. அடுத்த செடி, அதற்கு அடுத்த செடி. பதினாறு துண்டு பார்த்தாள். பிறகு பார்க்கத் தெம்பில்லை.

டீக்கடை ஒரு ரூபாய் போனில் சாலிஹாவைப் பிடித்தாள். விஷயத்தைச் சொன்னாள்.

“எல்லாம் செத்துப்போச்சு, அக்கா.”

“நான்லம்மா கேட்டிருக்கணும், வெடி வேலைக்காரப் புள்ளையாச்சேன்னு. தப்பு என் மேலயும் இருக்கு.”

“வேற அட்டை இருக்கா?”

“இப்பத்தான் முட்ட போட்டு வச்சிருக்கேன். வர்ற வெள்ளி இல்ல, அடுத்த வெள்ளிக்கிதான் கறுக்கும். அதுவரைக்கும் எப்படியாச்சும் அவுகள மருந்தடிக்க விட்டுராத.”

அவளுக்கு அது தெரியாதா? போனை வைத்துவிட்டு டீக்கடை வாசலிலேயே நின்றாள். இன்றைக்கே சொன்னால் நாளைக்கே டேங்கைத் தூக்குவான். சொல்லாமல் இருந்தால் நாளை மறுநாள் தூக்குவான். பொய் சொல்வதில் அவளுக்கு ஒரே ஒரு நாள் லாபம். அந்த ஒரு நாளுக்காக அவள் வாயைத் திறக்கவில்லை. ராத்திரி அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே, “என்னமோ ஒன் ஈறுப்பேரன் வேலை செய்யுதான்னு தெரியல. வெள்ளிக்கெளம எண்ணிப் பாப்போம்” என்றபோது, “செய்யும் செய்யும்” என்று சொல்லிவிட்டு ரசத்தை இலைக்கு வெளியே ஊற்றினாள்.

வியாழக்கிழமை அவனுக்கு மல்லாங்கிணறில் ஒரு கருமாதி. அவன் காலை பஸ்ஸுக்குப் போனதும் வேல்விழி வேலைக்குப் போகவில்லை. ராக்காயியும் போகவில்லை. இரண்டு பேரும் சோப்புத் தண்ணீர் கரைத்த வாளியோடு பருத்திக்குள் இறங்கினார்கள். திரி சொருகுகிற விரல் வேகத்துக்குப் புழு எந்த மூலை? பூவுக்குள் நுழைந்ததை இரண்டு விரலால் இழுத்து, காயில் பாதி உடம்பை விட்டிருந்ததைக் கிள்ளி எடுத்து வாளியில் போட்டார்கள். மத்தியானத்துக்கு வரப்பில் உட்கார்ந்து பழைய சோறும் வெங்காயமும் தின்றார்கள். மறுபடியும் குனிந்தார்கள்.

“ஏலா, வரப்போர நிரையையே பாக்கியே. நடுவுக்குப் போவோம்” என்றாள் ராக்காயி.

“அவுக வரப்புலருந்துதான் மதினி எண்ணுவாக.”

ராக்காயி நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். “அப்ப நீ புளுவுக்குப் பொறுக்கல. புருசனுக்குப் பொறுக்குற” என்றாள்.

“ஆமா.”

பொழுது விழும்போது காட்டில் மூணில் ஒரு பங்குதான் சுத்தமாகியிருந்தது. இருவருக்கும் இடுப்பை நிமிர்த்த முடியவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்தும் விடியாமலும் முனியராஜ் காட்டுக்குக் கிளம்பினான். வேல்விழியும் கூடவே போனாள். கம்பெனி வண்டி ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போனது தூரத்தில் கேட்டது. பனி இறங்கி இலையெல்லாம் நனைந்திருந்தது. அவன் வரப்பிலிருந்து இறங்கினான். முதல் செடி, இரண்டாவது, நாலாவது, பத்தாவது. ஒரு புழு இல்லை. திரும்பி அவளைப் பார்த்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. கல்யாணமான புதிதில் பார்த்த சிரிப்பு அது. வேல்விழிக்குத் தலையைக் கவிழ்த்துக்கொள்ளத்தான் தோன்றியது.

“ஏ புள்ள, ஒன் பூச்சி கெட்டிக்காரப் பூச்சிதான்!” என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே அவன் நடந்தான். நடந்துகொண்டே இருந்தான். நடுக்காட்டுக்குப் போனதும் அவன் குரல் நின்றது. குனிந்தான். நிமிர்ந்தான். அந்தப் பக்கம் போய்க் குனிந்தான். தரையில் கிடந்த காய்ந்த சப்பையை ஒரு கை அள்ளிக்கொண்டு திரும்பி வந்தான்.

“வரப்போரம் மட்டும் எப்படி இல்ல?”

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். ஸ்டேப்ளரில் கை கூசினது, பசைச் சட்டி, துத்தம், நேற்றைக்கு ராக்காயியோடு பொறுக்கினது வரைக்கும். “பூச்சி மேல குத்தம் இல்ல. நான்தான் அதுகளக் கொன்னுட்டேன். வீட்டுல பாட்டில்ல பொரிச்சது நீங்களே பாத்தீகள்ல. அடுத்த வெள்ளிக்கி வேற அட்டை வந்துரும். பின்னு குத்தியே வைக்கேன். இன்னும் எட்டு நாளு...”

“எட்டு நாளு போனா இங்கன காம்புதான் நிக்கும்.” அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்குப் பயம் குறைந்திருக்கும். “என்னயப் பாத்தா ஒனக்குக் கோட்டிக்காரனாட்டம் தெரியுதா? எண்ணுற எடத்துல பொறுக்கி வச்சு ஏமாத்துறியே.”

வீட்டுக்கு நடந்தான். கொஞ்ச நேரத்தில் டேங்கும் மருந்து டப்பாவும் தண்ணீர்க் குடமுமாக மாட்டுவண்டிப் பாதையில் திரும்பி வந்தான். வரப்பில் இறக்கி வைத்து, மருந்தை மூடியில் அளந்து ஊற்றினான். இடது கை நடுங்கி இரண்டு சொட்டு மண்ணில் விழுந்தது. அந்த நாற்றம் எழுந்ததும் வேல்விழிக்குப் போன வருஷம் பஸ்ஸில் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு போனது கண்ணில் வந்தது. அவன் குடத்துத் தண்ணீரை ஊற்றி மூடியைத் திருகிவிட்டு, துண்டை எடுக்கத் திரும்பினான்.

அந்த நேரத்தில் அவள் உட்கார்ந்து பட்டையில் கையை நுழைத்துவிட்டாள். எழுந்தபோது டேங்க் அவள் முதுகில் இருந்தது.

“ஏய், இறக்கு அதை.”

“பூச்சியக் கொன்னது நானு. அடிக்கிறதும் நானே அடிக்கேன்.”

“வெளையாடாத வேல்விழி. இறக்குன்னு சொல்றேன்ல.”

“எனக்கு ஒண்ணும் ஆகாது. உங்களத்தான டாக்டர் அடிக்கக் கூடாதுன்னாரு? என்னய ஒண்ணும் சொல்லலையே.”

அவள் முதல் நிரைக்குள் இறங்கி நெம்புகோலை இரண்டு தடவை அமுக்கினாள். குழாய் முனையிலிருந்து வெள்ளையாகப் புகை மாதிரிப் பீய்ச்சியது. அப்போது பார்த்துத்தானா காற்றுத் திரும்ப வேண்டும்? புகை அப்படியே சுழன்று அவள் புடவையில் வந்து படிந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னொரு எட்டு வைத்தாள்.

முனியராஜ் போட்ட சத்தம் ஆமத்தூர் ரோடு வரைக்கும் கேட்டிருக்கும். பருத்தியை மிதித்துக்கொண்டு ஓடி வந்தான். பத்து நாளாகப் புழு தின்றதைவிட அந்த ஓட்டத்தில் அவன் ஒடித்த செடி அதிகம் என்று ராக்காயி பிறகு சொல்லிச் சிரித்தாள். பின்னால் வந்து பட்டையைப் பிடித்து இழுத்தான், கழலவில்லை. இடது கை உதறிக்கொண்டே இருந்தது. “விடுலா, விடுலா, உன் கால்ல விளுறேன்” என்று அவன் சொன்னது அவனுக்கே தெரிந்திருக்காது. பட்டை பிய்ந்து டேங்க் கீழே விழுந்தது. அவளைத் தரதரவென்று வரப்புக்கு இழுத்துக்கொண்டு போய், குடத்தில் மிச்சமிருந்த தண்ணீரை அப்படியே தலையில் கவிழ்த்தான். மண்ணை அள்ளிக் கையிலும் கழுத்திலும் தேய்த்தான்.

“தலையச் சுத்துதா? கண்ணத் தொற. என்னயப் பாரு. நல்லாப் பாரு. வாயில எச்சில் ஊறுதா?”

“ஒண்ணுமில்ல.”

“இல்ல, பொய் சொல்லுத. நீ பொய் சொல்லுவ.” அவள் கண் இமையை விரித்துக் கண்மணியைப் பார்த்தான். பார்த்துவிட்டு மறுபடியும் பார்த்தான்.

ராக்காயி சத்தம் கேட்டு ஓடி வந்தாள். அன்றைக்கு அவளும் வண்டியில் ஏறியிருக்கவில்லை. வேல்விழிக்கு மாற்றுப் புடவை கொண்டுவந்து, மோட்டார் கிணற்றுக்குக் கூட்டிப்போய்ச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளிப்பாட்டிக் கூட்டிவந்தாள். அதற்குள் முனியராஜ் ஒன்றுக்கும் உதவாத உவர்த்தரை மூலையில் இடுப்பளவு குழி வெட்டி, டேங்கில் இருந்ததையும் டப்பாவில் இருந்ததையும் கொட்டி மூடியிருந்தான். மூடின இடத்தை மிதித்துக்கொண்டே நின்றான்.

“மதினி, நேத்து எம்புட்டுப் பொறுக்குனீக?” என்று கேட்டான்.

“மூணுல ஒரு பங்கு. ரெண்டு பேருல்ல. ஞாயித்துக்கெளம நம்ம ரூம் பொம்பளைக எட்டுப் பேர இளுத்துட்டு வாரேன். நீ வாய மூடிக்கிட்டு மொச்சப்பயறு அவிச்சுப் போடு, போதும்.”

“பாதிப் பருத்திதான் தேறும்” என்றான்.

“தேறுனது போதும்” என்றாள் ராக்காயி.

மூணு பேரும் நடுக்காட்டுக்குள் இறங்கினார்கள். ராக்காயி நாலு நிரை தள்ளிப் போய்விட்டாள். வேல்விழி ஈரத்தலையை முடிந்துகொண்டு குனிந்தாள். அடுத்த நிரையில் முனியராஜ் புழு எடுத்தான். அவனுக்கு விரல் பழகவில்லை. அவன் ஒரு புழு எடுப்பதற்குள் அவள் ஐந்து எடுத்துவிட்டாள். எடுத்துக்கொண்டே அவன் அடிக்கடி தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான்.

“என்ன?” என்றாள்.

“ஒண்ணுமில்ல.” அவன் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டான். “இன்னும் படபடன்னு அடிக்குது, புள்ள. நிக்கவே மாட்டேங்குது.”

“எனக்குப் போன தையிலருந்து நிக்கல” என்றாள் வேல்விழி.

அவன் தன் நிரையை விட்டுவிட்டு அவள் நிரைக்கே வந்து, வாளியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.